புதிய சேகரகுருவுக்கு மூத்த போதகர்களின் ஆலோசனை தேவை

கிறிஸ்துவுக்குள் அன்பான மூத்த போதகர்களுக்கு ஸ்தோத்திரம். தென்னிந்தியத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, முதன்முறையாக 9 கிராம சபைகள் அடங்கிய ஒரு சேகரத்தின் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். ஞாயிறு ஆராதனையைச் சபை ஊழியர்கள் நடத்தலாம். குருப்பட்டம் பெற்றவரே நடத்த வேண்டிய திருவிருந்துக்கோ (நற்கருணை) நானே ஒவ்வொரு ஊருக்கும் செல்ல வேண்டியிருப்பதால், நோயுற்றோரைச் சந்திக்கவும் நேரம் போதவில்லை. வேதாகமத்தின் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்னபடி பொறுப்புகளைப் பகிர்ந்தளிக்க விரும்புகிறேன். ஆனால் சேகரக் கமிட்டியில் இரு குடும்பங்களுக்கிடையே அசனப் பண்டிகை (சபையார் கூடி உண்ணும் விருந்து) கணக்கு தொடர்பான பழைய மனத்தாங்கல் இருப்பதால், யாரிடம் எதை ஒப்படைத்தாலும் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகவே மற்றவர்கள் வருந்துகிறார்கள். முதல் ஆண்டிலேயே இதில் தலையிடலாமா, அல்லது எல்லா வீடுகளையும் சந்தித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டுமா? இத்தகைய சூழலைக் கடந்து வந்தவர்கள், தாங்கள் முதலில் செய்தது என்னவென்று தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.