பாட்டி வீடு குழு: மாடி சர்வர் கீழே தெரியல

நிலா: கார்த்தி அண்ணா, மைன்கிராஃப்ட் கேம்ல லேன் (வீட்டு நெட்வொர்க்) ஓபன் பண்ணிட்டேன். லிஸ்ட்ல வருதா

கார்த்தி: இல்ல

கார்த்தி: தேடிக்கிட்டே இருக்கு

நிலா: எனக்கு போர்ட் (கேமுக்குள்ள வர்ற கதவு எண்) 54113னு காட்டுதே

கார்த்தி: பசங்க தலைமேல ஏறி நிக்கறாங்க. சீக்கிரம்

ஜெயா அத்தை: யாரு ஏறினது? இறங்கச் சொல்லு

ரவி சித்தப்பா: லிஸ்ட்ல வரலைன்னா சர்வர் ஓடலைன்னு அர்த்தம் இல்ல. லேனுக்குத் திறந்ததும் நிலாவோட மெஷின் 224.0.2.60ங்கிற மல்டிகாஸ்ட் (கேக்கற எல்லாருக்கும் ஒண்ணா போற) முகவரிக்கு, யூடிபி போர்ட் 4445ல, "இங்க இருக்கேன், என் போர்ட் இது"ன்னு திரும்பத் திரும்பக் கூவும். அந்தக் கூவல் காதுல விழுற மெஷின்லதான் பேர் வரும். ஆட்டம் நடக்கறது வேற போர்ட், அனுப்பற முறையும் வேற, டிசிபி. அதனால லிஸ்டை விட்டுட்டு டைரக்ட் கனெக்ட்ல ஐபியும் (மெஷினோட முகவரி) போர்ட்டும் அடி. உள்ள போயிட்டா கூவல்தான் கேக்கல. அப்பவும் போகலைன்னா வழியே அடைச்சிருக்கு.

கார்த்தி: சித்தப்பா சுருக்கமா

ரவி சித்தப்பா: இதுதான்டா சுருக்கம்

நிலா: ஐபி 192.168.0.14

கார்த்தி: டைம்ட் அவுட்

கார்த்தி: பிங்கும் (மெஷின் பதில் சொல்லுதான்னு பாக்கறது) போகல

ரவி சித்தப்பா: பிங்கை வெச்சு முடிவு கட்டாத, விண்டோஸ் ஃபயர்வால் அதையும் தடுக்கும். நிலா, உன் வைஃபை பப்ளிக்னு இருக்கா பிரைவேட்னு இருக்கா? பிரைவேட்டா மாத்து. ஜாவாவுக்கு (கேமை ஓட்டற புரோகிராம்) அனுமதி இருக்கான்னும் பாரு. ஃபயர்வாலையே அணைச்சுடாத.

நிலா: பப்ளிக்லதான் இருந்துச்சு. மாத்திட்டேன்

கார்த்தி: ம்ஹூம்

ஜெயா அத்தை: (ஃபார்வர்டு) ரவுட்டரைச் சுத்தி அலுமினியத் தாள் வைத்தால் வேகம் இரட்டிப்பாகும்!! அனைவருக்கும் பகிரவும்

ரவி சித்தப்பா: அக்கா, சுத்தினா சிக்னல்தான் அடைபடும்

ஜெயா அத்தை: எனக்கு வந்தது, அனுப்பினேன்

ரவி சித்தப்பா: கார்த்தி, உன் ஐபி என்ன?

கார்த்தி: 192.168.1.23

ரவி சித்தப்பா: அப்படி வா. மூணாவது எண்ணைப் பாருங்க. மேல 0, கீழ 1. மாஸ்க் 255.255.255.0தான் இருக்கும், அதாவது முதல் மூணு எண்ணும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரே நெட்வொர்க். அப்ப ரெண்டும் வேற நெட்வொர்க்.

கார்த்தி: ஒரே வீடுதானே

ரவி சித்தப்பா: வீடு ஒண்ணு, ரவுட்டர் ரெண்டு. ஏன் ரெண்டாச்சுன்னு பெரியவங்களைக் கேளு

லதா சித்தி: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு

பெரியப்பா: நான் பாஸ்வேர்ட் மாத்தினது யாரையும் விரட்ட இல்ல. யாரோ ராத்திரி பூரா டவுன்லோட் போட்டாங்க

லதா சித்தி: யாரோன்னா?

ஜெயா அத்தை: அண்ணா விடு

பெரியப்பா: சுவத்துல ஓட்டை போட்டப்பவும் என்னைக் கேக்கல

லதா சித்தி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நிலா: அம்மா ப்ளீஸ்

ரவி சித்தப்பா: அந்த ஓட்டை வழியா போற கேபிள்தான் விஷயமே. கீழ் ரவுட்டர்லேருந்து மேல் ரவுட்டரோட வான் (WAN, இன்டர்நெட் உள்ள வர்ற) போர்ட்டுக்குப் போகுது. மேல் ரவுட்டர் நாட் (NAT) போட்டு, எல்லாரையும் தன் ஒரே முகவரிக்குப் பின்னால மறைச்சு வெச்சிருக்கு. மாடியிலேருந்து கீழ இருக்கிற மெஷினுக்கு வரலாம். கீழேருந்து மாடிக்குப் போக முடியாது, மேல் ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் (இந்த போர்ட்டுக்கு வர்றதை இந்த மெஷினுக்கு அனுப்புன்னு சொல்றது) பண்ணினாத்தான் உண்டு.

பெரியப்பா: இதைத்தான் நான் இவ்வளவு நாளா சொல்றேன்

லதா சித்தி: கூப்பிட்டாலும் நீங்க மேல வர்றதில்ல மாமா

ரவி சித்தப்பா: இப்போதைக்குக் கார்த்தி ஓபன் பண்ணட்டும். நிலா ஐபி அடிச்சு வா. லிஸ்ட்ல தேடாத, கூவல் ரவுட்டரைத் தாண்டாது

கார்த்தி: 192.168.1.23:61820

நிலா: வந்துட்டேன்!!!

ஜெயா அத்தை: குட்டிப் பையன் டேப்லெட்ல வரலைங்கறான்

கார்த்தி: அது மைன்கிராஃப்ட்லயே பெட்ராக் எடிஷன் அத்தை. இது ஜாவா எடிஷன். சேராது

ஜெயா அத்தை: அழறான்

கார்த்தி: பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன்

ரவி சித்தப்பா: ஒரேயடியா சரி பண்ணணும்னா மேல் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்துங்க. அப்புறம் ஐபி கொடுக்கறது கீழ் ரவுட்டர் மட்டும்தான், எல்லாரும் ஒரே நெட்வொர்க். கெஸ்ட் வைஃபையில ஏறாதீங்க, அதுல பொதுவா ஒரு மெஷினுக்கு இன்னொண்ணு தெரியாது.

லதா சித்தி: அப்ப எங்க ரவுட்டர் அவங்க கைக்குப் போயிடுமா

ரவி சித்தப்பா: ஐபி மட்டும்தான் அண்ணி. வைஃபை பேரு, பாஸ்வேர்ட் எல்லாம் உங்களோடதுதான்

பெரியப்பா: தம்பி மணி வந்து பேசட்டும்

லதா சித்தி: அவர்கிட்ட சொல்றேன்

ஜெயா அத்தை: போன தடவையும் ரெண்டு பேரும் இதையேதான் சொன்னீங்க

நிலா: அண்ணா கனெக்‌ஷன் போச்சு

கார்த்தி: யாரு என் லேப்டாப்பை மூடினது?

பெரியப்பா: சூடா இருந்துச்சு