மாயக்கதைப் பிரியர்களான மாணவர்களுக்குத் தமிழில் எதைத் தரலாம்?

கேள்வி: பீடோங் வாசகி

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடும் வாசிப்பு வட்டத்தில் படிவம் மூன்று, நான்கு பயிலும் மாணவர்கள் சிலர் அண்மையில் சேர்ந்திருக்கிறார்கள். டிராகன்களும் மந்திரவாதிகளும் நிறைந்த ஆங்கிலத் தொடர்களைக் கட்டுக்கட்டாகப் படித்து முடித்தவர்கள் அவர்கள். தமிழில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் 'பொன்னியின் செல்வன்' என்று ஒரே பெயரைத்தான் சொல்கிறார்களாம். அதன் சுவையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1950களில் கல்கி இதழில் வெளிவந்த அந்தச் சரித்திரத் தொடரில் அரண்மனைச் சூழ்ச்சி உண்டே தவிர, இவர்கள் தேடும் மாய உலகம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் நன்றாகத் தமிழ் படித்தவர்கள்தாம் என்றாலும், இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் பாடநூலுக்கு வெளியே தமிழைத் தொடாததால், கடினமான நடையைக் கண்டால் பத்துப் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். எதில் தொடங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை பட்டாணி

தங்கைக்கு வணக்கம். தயங்காமல் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் தொடங்குங்கள். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இக்கதை, ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்கள் இரண்டெழுத்துப் பெயர்தான் வைத்துக்கொள்ளலாம், பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற நிலையிலுள்ள எதிர்கால இந்தியாவைக் காட்டுகிறது. கணவனைத் தேடும் நிலாவை விட, அவளோடு சேர்ந்துகொள்ளும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் பிள்ளைகளைக் கட்டிப்போடும். புத்தகம் படிக்கிறது, கேலி பேசுகிறது, மெல்ல மெல்லத் தானாகச் சிந்திக்கவும் தொடங்கிவிடுகிறது. வாக்கியங்கள் சிறியவை, உரையாடல் வேகமானது. முடித்தவர்கள் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வைத் தாமே கேட்டு வருவார்கள். பேய்க்கதை வேண்டும் என்பவர்களுக்கு அவருடைய 'கொலையுதிர் காலம்' இருக்கிறது. நடப்பவை பேயின் வேலையா, அறிவியல் வித்தையா என்று வழக்கறிஞர்களான கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டும் கதை அது.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவலை யாராவது பரிந்துரைப்பார்கள். 1997இல் வெளிவந்த அந்நூல், கற்பனையான ஒரு கோயில் நகரத்தை அடித்தளம் முதல் கோபுரம் வரை கட்டி எழுப்பும் பெரும் படைப்பு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பல பக்கங்களுக்கு நீளும் தத்துவ விவாதங்களை எஸ்.பி.எம். என்னும் படிவம் ஐந்து தேர்வை இன்னும் எழுதாத பிள்ளைகளிடம் கொடுத்தால், அடுத்த ஞாயிறு மண்டபம் காலியாக இருக்கும்.

பதில்: தைப்பிங் வாசகி

அக்கா, ஆசிரியர் ஐயா சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் நம் பழைய மாயக்கதை ஒன்றை எல்லோரும் பாடநூல் என்று ஒதுக்கிவிடுகிறோம். மணிமேகலையைத்தான் சொல்கிறேன். அறவுரைகளைச் சற்றே விலக்கிவிட்டுக் கதையை மட்டும் பாருங்கள். மணிமேகலா தெய்வம் உறங்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. விரும்பிய உருவம் எடுக்கவும், வானில் பறக்கவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களைக் கற்றுத் தருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்த காயசண்டிகை, முனிவரின் சாபத்தால், எவ்வளவு உண்டாலும் தீராத யானைத்தீ என்னும் பசியோடு அலைகிறாள். தன்னை விரும்பித் தொடரும் இளவரசனிடமிருந்து தப்ப மணிமேகலை அவளுடைய உருவத்தையே எடுத்துக்கொள்ள, மணிமேகலையைத் தன் மனைவி என்று நம்பிய காயசண்டிகையின் கணவனான வித்தியாதரன் அந்த இளவரசனை வாளால் வெட்டிவிடுகிறான். உருமாற்றத்துக்கு இப்படி ஒரு விலை வைக்கும் திருப்பத்தை எழுத, இன்றைய மாயக்கதை எழுத்தாளர் எவரும் ஆசைப்படுவார். மூலச் செய்யுளைப் பிள்ளைகளிடம் நீட்ட வேண்டாம். கதையை நீங்கள் உரைநடையில் சொல்லி, காயசண்டிகையின் பசி தீரும் இடத்தில் மட்டும் சில அடிகளை வாசித்துக் காட்டினால் போதும். மூலம் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆங்கிலத்தை விடமாட்டேன் என்பவர்களிடம் யாங்ஸீ சூ எழுதிய 'தி நைட் டைகர்' நாவலைக் கொடுத்துப் பாருங்கள். 1931ஆம் ஆண்டுப் பேராக்கில், இறந்த முதலாளியின் துண்டிக்கப்பட்ட விரலை நாற்பத்தொன்பது நாளுக்குள் தேடிப் புதைக்க வேண்டிய வேலைக்காரச் சிறுவன் ஒருவனின் கதை. மனிதன் புலியாக மாறும் நம்பிக்கை அதில் ஊடுபாவாக வருகிறது. சில பகுதிகள் பெரியவர்களுக்கானவை என்பதால், முதலில் நீங்கள் படித்துவிடுவது நல்லது.

பதில்: லூனாஸ் தோட்டத்தான்

பீடோங்கில் இருந்துகொண்டு சாண்டில்யனின் சரித்திர நாவலான 'கடல் புறா'வை யாரும் சொல்லாதது வியப்பாக இருக்கிறது! அதில் வரும் கடாரம் நம் கெடாதானே. ராஜேந்திர சோழனின் படை 1025இல் வந்து தாக்கிய அந்தக் கடாரத்தின் எச்சங்களைப் பார்க்க, மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். கதை நடப்பது அதற்குப் பிந்திய காலத்தில். மாயம் எதுவும் இல்லை, ஆனால் அகூதா என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவனும் கடற்போர்களும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். பெண்களைப் பற்றிய வருணனைகள் அளவுக்கு மீறி நீள்வதால், தேர்ந்தெடுத்த அத்தியாயங்களாகக் கொடுங்கள். வயதில் இளையவர் யாராவது இருந்தால், நம் மாநிலத்தைச் சேர்ந்த கே. பாலமுருகன் சிறுவர்களுக்காக எழுதிய 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' பொருத்தமாக இருக்கும்.

பதில்: பீடோங் வாசகி

மூவருக்கும் நன்றி. அடுத்த ஞாயிறு ஜீனோ வரும் அத்தியாயங்களை மாணவர்களையே மாறி மாறி உரக்க வாசிக்கச் சொல்லப் போகிறேன். காயசண்டிகையின் கதையை அதற்கடுத்த வாரம் நானே சொல்கிறேன். விஷ்ணுபுரத்தைப் பெரியவர்கள் தனியாக வைத்துக்கொள்கிறோம். லூனாஸ் அண்ணனிடம் 'கடல் புறா'வின் மூன்று பாகங்களும் இருக்குமானால், அருங்காட்சியகம் போகும் நாளில் இரவலாகக் கொண்டு வர முடியுமா? எங்களிடம் இரண்டாம் பாகம் மட்டும் இருக்கிறது, அதிலும் அட்டை இல்லை.