‘ஸ்டாப்’ என்ற சொல்லுக்கு மாற்றாக எவற்றை, எங்கே பயன்படுத்துவது?

கற்கும்கை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரு கருவியின் பயனர் கையேட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். ‘நிறுத்து’ என்று தமிழில் வரும் இடங்களுக்கு ஆங்கிலத்தில் எதை எழுதுவது என்று அகராதியைப் புரட்டினால் ஸ்டாப், ஹால்ட், ஸீஸ், பாஸ், க்விட், சஸ்பெண்ட், டெர்மினேட் என்று ஒரு வரிசையே நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு என்ன? ‘ஸ்டாப்’ என்பதை அடுத்து ஓரிடத்தில் ‘டு’ வருவதும் வேறோரிடத்தில் ‘இங்’ வருவதும் எதனால்?

கையேட்டில் உள்ள மூன்று வாக்கியங்களைக் கீழே தருகிறேன். பொருத்தமான ஆங்கில வடிவத்தை யாரேனும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

‘கதவைத் திறந்தால் கருவி தானாக நின்றுவிடும்.’
‘பணியை இடையில் நிறுத்திவைத்து, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.’
‘குழந்தைகள் கருவியின் அருகே வராதபடி பார்த்துக்கொள்ளவும்.’

சொல்லாய்வு

தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேர்வுகளிலும் கடிதங்களிலும் பெரும்பாலோர் தடுமாறும் இடம் அதுதான்.

‘ஹீ ஸ்டாப்டு ரீடிங்’ என்றால், படித்துக்கொண்டிருந்தவர் படிப்பதை விட்டுவிட்டார். ‘ஹீ ஸ்டாப்டு டு ரீட்’ என்றால், வேறு எதையோ செய்துகொண்டிருந்தவர் அல்லது நடந்துகொண்டிருந்தவர், படிப்பதற்காக நின்றார். முதல் வாக்கியத்தில் நின்றுபோனது படிப்பு. இரண்டாவதில் படிப்பு அப்போதுதான் தொடங்குகிறது. ஒரே சொற்களைக் கொண்டு நேர் எதிரான செய்திகளைச் சொல்லிவிட முடியும் என்பதால் இதில் கவனக்குறைவுக்கு இடமே தரக்கூடாது. தமிழில் இந்தக் குழப்பம் எழுவதில்லை. ‘படிப்பதை நிறுத்தினார்’, ‘படிக்க நின்றார்’ என்று வேற்றுமை உருபும் வினைவடிவமும் சேர்ந்து பொருளைப் பிரித்துக் காட்டிவிடுகின்றன. ஆகவே எழுதும் முன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘-பதை’ என்று வந்தால் ‘இங்’, ‘-பதற்காக’ என்று வந்தால் ‘டு’.

‘ஸீஸ்’ என்ற சொல்லுக்கு இந்த வேறுபாடு கிடையாது. அதற்குப் பின் ‘டு’ வந்தாலும் ‘இங்’ வந்தாலும் ‘இல்லாமற்போயிற்று, ஓய்ந்தது’ என்ற பொருளே கிடைக்கும். ஆனால் அது எழுத்து நடைக்கும் சட்ட நடைக்கும் உரிய சொல். போர்நிறுத்தத்தை ‘ஸீஸ்ஃபயர்’ என்கிறார்கள். வழக்கறிஞர்கள் அனுப்பும் ‘ஸீஸ் அண்ட் டெசிஸ்ட்’ அறிவிப்பில் முதற்சொல் ‘இப்போது செய்வதை நிறுத்து’ என்றும், அடுத்த சொல் ‘இனியும் செய்யாதே’ என்றும் பொருள்படும். நண்பரிடம் ‘பேசாதே’ என்று சொல்ல யாரும் அதைக் கையாளமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பதைச் சொல்லும்போது ‘ஸ்டாப் ஹிம் டு கோ’ என்று எழுதுவது பிழை. ‘ஸ்டாப் ஹிம் ஃப்ரம் கோயிங்’ என்பதே சரி. பிரித்தானிய வழக்கில் ‘ஃப்ரம்’ விடுபடுவதும் உண்டு. ‘ப்ரிவென்ட்’ என்ற சொல்லும் இதே அமைப்பில்தான் வரும். அது சற்று முறைசார்ந்த சொல். நிகழ்வதற்கு முன்பே தடுத்துவிடுவதைக் குறிப்பதற்கு அதுவே சிறந்தது.

மொழிபெயர்ப்புப் பணி

மேலே சொல்லாய்வு அவர்கள் இலக்கணத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நம்மவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன். என் பார்வையில், ஆங்கிலத்தில் எத்தனை இணைச்சொற்கள் இருக்கின்றன என்பதைவிட, நம் ‘நில்’, ‘நிறுத்து’ ஆகிய இரண்டும் எத்தனை வேலைகளைச் செய்கின்றன என்பதைக் கவனிப்பதே முதற்கடமை.

‘வண்டியை மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன்’ என்பதில் உள்ள நிறுத்தம் ‘பார்க்’. ஓடும் வண்டியைச் சைகை விளக்கின் முன் நிறுத்துவதுதான் ‘ஸ்டாப்’. ‘மின்விசிறியை நிறுத்து’ என்பதற்கு ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பதே இயல்பு. ‘ஸ்டாப் த ஃபேன்’ என்றால், சுழலும் இறக்கையைக் கையால் பிடித்து நிறுத்தச் சொல்வதைப் போல ஒலிக்கும். ‘அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்’ என்பதை அப்படியே ‘ஸ்டாப்’ போட்டு எழுதினால் ஆங்கிலம் அறிந்தவருக்கு எதுவும் விளங்காது. குற்றம் கண்டு நீக்கினால் ‘டிஸ்மிஸ்’, வேலை இல்லாததால் நீக்கினால் ‘லே ஆஃப்’, விசாரணை முடியும்வரை தற்காலிகமாக விலக்கிவைத்தால் ‘சஸ்பெண்ட்’. அவராகவே விட்டுவந்திருந்தால் ‘க்விட்’ அல்லது, சற்று மரியாதையாக, ‘ரிசைன்’. ‘பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டான்’ என்பதற்கு ‘ட்ராப்டு அவுட்’. தேர்தலில் நிற்பதற்கும் ‘ஸ்டாப்’ என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே பிரித்தானியர் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள், அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள்.

எனவே சொல்லைத் தேடுவதற்கு முன், நின்றது மீண்டும் தொடருமா, யார் நிறுத்தியது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்வது என் வழக்கம். தொடரும் என்றால் ‘பாஸ்’. அதிகாரம் உள்ளவர் நிறுத்திவைத்து, பின்னர் அவரே நீக்கக்கூடிய தடையென்றால் ‘சஸ்பெண்ட்’. இனித் தொடராது என்றால் ‘எண்ட்’. ஒப்பந்தம் போன்றவற்றில் ‘டெர்மினேட்’. ஒரு பொருளைத் தயாரிப்பதையோ ஒரு சேவையையோ கைவிட்டால் ‘டிஸ்கன்டின்யூ’. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் தானே அணைந்துபோனால் ‘ஸ்டால்’. பாட்டுக் கேட்கும் செயலியிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். ‘பாஸ்’ பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும்; பழைய கருவிகளில் ‘ஸ்டாப்’ என்பதை அழுத்தினால் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்துதான் ஒலிக்கும்.

‘ஹால்ட்’ என்பதில் ஒரு கட்டளைத் தொனி உண்டு. ஜெர்மானிய மொழியிலிருந்து படைத்துறை வழியாக வந்த சொல் அது. அணிவகுப்பில் ஒலிப்பது அதனால்தான். பிரித்தானியாவின் சாலைக் குறியீடுகளில் முன்பு ‘ஹால்ட்’ என்றே எழுதியிருந்தார்கள். 1960களில் நடந்த சீரமைப்பில் அது ‘ஸ்டாப்’ என்று மாறியது. சாலைக் குறியீடுகள் குறித்த 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, எண்கோணச் சிவப்புப் பலகையில் ‘ஸ்டாப்’ என்பதை ஆங்கிலத்திலோ அந்தந்த நாட்டு மொழியிலோ எழுத இடமளிக்கிறது. பிரெஞ்சு பேசும் பிரான்சில் ஆங்கிலச் சொல்லே இருக்க, கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சுச் சொல்லான ‘அரே’ என்பதை எழுதியிருக்கிறார்கள்.

ஒலியும் எழுத்தும்

இருவரும் சொல்லாமல் விட்ட ஒரு பக்கம் இருக்கிறது. ‘ஸ்டாப்’ என்ற சொல்லின் பழம்பொருள் ‘நில்’ என்பதன்று, ‘அடை’ என்பதே. சணல்நாரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து, இடுக்கில் நாரைத் திணித்து அடைப்பது என்ற பொருளில் அது புறப்பட்டது. வழியை அடைத்தால் ஓட்டம் நிற்கும் என்ற வகையில் இன்றைய பொருளுக்கு வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல பயன்பாடுகள் ஒரே இழையில் கோத்துக்கொள்ளும்.

புட்டியின் மூடியை ‘ஸ்டாப்பர்’ என்பதும், ஒழுக்கை அடைப்பதை ‘ஸ்டாப் அ லீக்’ என்பதும் அந்தப் பழைய பொருளிலேயே நிற்கின்றன. ஒலியியலில் க், ட், த், ப் போன்ற மெய்களை ‘ஸ்டாப்’ என்கிறார்கள். அவற்றை ஒலிக்கும்போது மூச்சுக்காற்று வாயினுள் ஒரு கணம் முழுதும் அடைபட்டுப் பின்னர் வெளியேறுகிறது. ‘ப்’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் உதடுகள் கதவைச் சாத்துவதை நீங்களே உணரலாம். ஒளிப்படக் கலையில் வில்லையின் துளையைச் சுருக்கி ஒளியை மறைப்பதிலிருந்து ‘ஸ்டாப்’ என்ற அளவை வந்தது. ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். துளையின் அளவைக் குறிக்கும் எண்ணில் எஃப் 4-லிருந்து எஃப் 5.6-க்குப் போவது அப்படிப்பட்ட ஒரு படிதான்.

தேவாலயங்களில் உள்ள குழாய் ஆர்கன் என்ற இசைக்கருவியிலும், எந்தக் குழாய்வரிசைக்குக் காற்று போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குமிழ்களுக்கு ‘ஸ்டாப்’ என்றே பெயர். எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிட்டால் கருவி முழு வலிமையோடு முழங்கும். ‘புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்’ என்ற மரபுத்தொடருக்கு ‘முழுமூச்சாக முயல்வது’ என்ற பொருள் வந்தது அங்கிருந்துதான். ‘எல்லாவற்றையும் நிறுத்திவிடு’ என்று அதை மொழிபெயர்ப்பது பெரும்பிழை.

அன்றாடப் பேச்சில் ‘ஸ்டாப் பை’ என்றால் போகிற வழியில் ஒருவரைச் சற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. ‘ஸ்டாப் ஓவர்’ என்றால் நெடும்பயணத்தின் நடுவே ஓரிடத்தில் தங்குவது. வாக்கியத்தின் இறுதியில் இடும் புள்ளியை பிரித்தானியர் ‘ஃபுல் ஸ்டாப்’ என்றும் அமெரிக்கர் ‘பீரியட்’ என்றும் சொல்கிறார்கள். தந்தி அனுப்பிய காலத்தில், செய்தியின் பொருள் மாறிவிடாதிருக்க அந்தப் புள்ளியை ‘ஸ்டாப்’ என்று எழுத்தாகவே அடித்தார்கள்.

கற்கும்கை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் வாக்கியத்துக்கு ‘ஸ்டாப்’, இரண்டாவதற்கு ‘பாஸ்’ என்று இப்போது தெளிவாகிறது. மூன்றாவதற்கு ‘ப்ரிவென்ட்’ பொருந்துமா?

மொழிபெயர்ப்புப் பணி

முதலிரண்டும் சரியே. ‘த மெஷின் ஸ்டாப்ஸ் ஆட்டோமேட்டிக்கலி வென் த டோர் இஸ் ஓப்பன்டு’ என்று எழுதுங்கள். தானாக நிற்பதற்கும் நாம் நிறுத்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான் என்பதால் செயப்பாட்டு வினை தேவையில்லை. இரண்டாவதற்கு ‘யூ கேன் பாஸ் த ஜாப் அண்ட் ரிஸ்யூம் இட் லேட்டர்’ என்பது போதும். ‘ரிஸ்யூம்’ என்பதிலேயே விட்ட இடத்திலிருந்து தொடர்வது அடங்கிவிடுகிறது.

மூன்றாவதற்கு ‘ப்ரிவென்ட்’ இலக்கணப்படி பிழையன்று. ஆயினும் கையேடுகளில் அப்படி எழுதுவதில்லை. ‘கீப் சில்ட்ரன் அவே ஃப்ரம் த மெஷின்’ என்பதே வழக்கிலுள்ள வாசகம். படிப்பவருக்கும் உடனே புரியும்.