காலைத் தூக்காதே, இடுப்பைச் சுருட்டு

மாலை ஏழு மணிக்கு எங்கள் ஜிம்முக்குப் போனால் மேட் கிடைக்காது. பாதிப் பேர் வயிற்றுக்குத்தான் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் பலருக்கு வேலை வாங்கப்படுவது தொடைதான், வயிறு இல்லை. கோவையில் நான் போகும் ஜிம்மின் மாஸ்டரிடம் இது விஷயமாகப் பார்த்ததையும் கற்றதையும் சொல்கிறேன்.

கல்லூரிப் பையன் ஒருவன் கம்பியில் தொங்கி, கால்களை வீசி வீசி லெக் ரெய்ஸ் எடுத்துவிட்டு இறங்கினான். மாஸ்டர் கிட்டே போய், "எங்க எரியுது கண்ணு?" என்றார். பையன் தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பைத் தொட்டு, "இங்கதாங்க மாஸ்டர்" என்றான்.

"அப்போ வயிறு சும்மாதான் இருந்திருக்கு. காலைத் தூக்காதே, இடுப்பைச் சுருட்டு."

மறுபடியும் தொங்கச் சொன்னார். முட்டியை மடக்கி நெஞ்சை நோக்கிக் கொண்டுவரும்போது, கடைசியில் இடுப்பெலும்பும் மேல்நோக்கிச் சுருண்டு வர வேண்டும். அடிமுதுகு வளையும் வரை விடவில்லை. இறங்கும்போது ஆடாமல் மெதுவாக இறங்க வேண்டும். ஆறாவது முறையிலேயே பையனின் வயிறு வெடவெடவென்று நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

காரணம் எளிது. சிக்ஸ் பேக் என்று நாம் சொல்லும் அந்த நீளத் தசை, மேலே 5, 6, 7-ஆம் விலா எலும்புகளின் குருத்தெலும்பில் ஒட்டியிருக்கிறது. கீழே இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் முடிந்துவிடுகிறது. தொடை எலும்பை அது தொடுவதே இல்லை. காலைத் தூக்குவது, முதுகெலும்பிலிருந்து தொடைக்குப் போகும் சோவாஸ் முதலான தசைகள். விலாவையும் இடுப்பையும் நெருங்க வைப்பதுதான் வயிற்றுத் தசையின் வேலை. அந்த இரண்டும் ஆடிவிடாமல் பிடித்து வைப்பதும் அதன் வேலைதான். எந்தப் பயிற்சி செய்தாலும் இந்த இரண்டில் ஒன்று நடக்கிறதா என்று பார்த்தால் போதும்.

யாராவது காலைப் பிடித்துக்கொள்ள, முழுதாக எழுந்து உட்காரும் சிட்-அப்பிலும் இதே சோவாஸ்தான் பெரும்பங்கு இழுக்கிறது. எங்கள் ஜிம்மில் ஓர் அண்ணனுக்கு அதைச் செய்தாலே அடிமுதுகு பிடித்துக்கொள்ளும். மாஸ்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பிய கர்ல்-அப்பைக் கொடுத்தார். ஒரு முட்டியை மடக்கி மறு காலை நீட்டி, இரண்டு கைகளையும் அடிமுதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் கொஞ்சமே தூக்கிப் பத்து விநாடி வரை நிறுத்த வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். ஆனால் அண்ணன் இப்போது முதுகைப் பிடிக்காமல் வீட்டுக்குப் போகிறார். அமெரிக்க ராணுவமும் பல்லாண்டுகளாக உடற்தகுதித் தேர்வில் வைத்திருந்த சிட்-அப்பைக் கைவிட்டது. 2022 முதல் அங்கே, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்து வைக்கும் பிளாங்க்தான்.

பிளாங்கிலும் ஒரு விஷயம். நடு உடம்பு தொங்கிக்கொண்டு மூன்று நிமிடம் தாக்குப் பிடிப்பதில் பெரிய பயனில்லை. பின்பக்கத் தசையை இறுக்கி, இடுப்பை உள்ளே மடக்கி, முழங்கையைக் கால் பக்கமாக இழுப்பது போல் அழுத்திப் பாருங்கள். அரை நிமிடமே பாடாய்ப் படுத்தும்.

இன்னொன்று, வயிறும் ஒரு தசைதானே. கைக்கு டம்பெல் எடையை ஏற்றுபவர்கள் வயிற்றுக்கு மட்டும் ஏன் நூறு கிரஞ்ச் (படுத்துத் தோளை மட்டும் தூக்கிச் சுருளும் பயிற்சி) எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்? எனக்கு மிகவும் பலன் தந்தது கேபிள் கிரஞ்ச். மேலிருந்து கயிறு தொங்கும் எடை இயந்திரத்தின் முன் மண்டியிட்டு, அந்தக் கயிற்றைக் காதோரம் பிடித்து, மூச்சை முழுதாக வெளியே விட்டபடி விலாவை இடுப்பை நோக்கிச் சுருட்டுவது. பின்பக்கம் குதிகாலை நோக்கிப் போனால் மறுபடியும் தொடை புகுந்துவிட்டது என்று அர்த்தம். பத்து முதல் பதினைந்து ரெப் (முறை), அப்படி மூன்று செட், வாரம் இரண்டு மூன்று நாள். பதினைந்து சுலபமாக வந்ததும் எடையை ஒரு படி ஏற்றிவிடுவேன்.

தொப்பை குறையுமா என்று கேட்பவர்களுக்கு: இதனால் மட்டும் குறையாது. 1971-ல் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆடும் கையில் தசை பெருத்திருந்தது, ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு இரண்டிலும் ஒரே அளவு. கொழுப்பு எந்த இடத்தில் முதலில் கரையும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. மொத்தத்தில் கொழுப்பு குறைவது, தட்டில் என்ன, எவ்வளவு விழுகிறது என்பதைப் பொறுத்த கதை.

பிரசவத்துக்குப் பிறகு ஜிம்முக்கு வரும் சகோதரிகள் ஒன்றைக் கவனியுங்கள். தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோடு மேடாகப் புடைத்தால், கிரஞ்ச், பிளாங்க் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அதற்கென்று தனிப் பயிற்சிகள் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு நல்ல முன்னேற்றமும் தெரியும்.