ஜிம்முக்குப் போகிற பத்து வயதுப் பையன்

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிது. மாடிப்படியில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னை நிறுத்தி, "செப்டம்பரிலிருந்து என் பையன் கிம்னாசியும் போகிறான்" என்றார். முகமெல்லாம் பெருமை. பையனுக்குப் பத்து வயது. இந்த வயதில் எதற்கு வெயிட் தூக்கணும் என்று நினைத்தபடி, அரைகுறை ஜெர்மனில் "முதுகு பத்திரம்" என்று சொல்லிவைத்தேன். "ஆமாம், பை ரொம்பக் கனம்தான்" என்றார். பேச்சு பிசகாமல் முடிந்துவிட்டது!

மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோதுதான் சிரித்தார்கள். இங்கே நாலாம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் போக வேண்டிய அபிட்டூர் தேர்வு வரை கொண்டுபோகும் பள்ளிக்குத்தான் அந்தப் பெயர். உடற்பயிற்சிக் கூடம் டுர்ன்ஹாலே. உங்களில் யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா?

—

ஸ்வீடனில் இதை 'யிம்னாசியெட்' என்பார்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்து, பதினாறு வயதில் சேருகிற மூன்று வருடப் படிப்பு. வயரிங் படிக்கிற பிள்ளையும் சமையல் படிக்கிற பிள்ளையும் அங்கேதான் போகிறார்கள். அதனால் அந்த அம்மாளின் பெருமை இங்கே செல்லாது.

—

எனக்கு நேர்ந்தது தலைகீழ். பிரான்ஸில் இருந்த நாலு வருடமும் 'ஜிம்னாஸ்' என்றால் பந்து விளையாடும் கூடம். அப்புறம் சுவிட்சர்லாந்தில் லோசானுக்கு மாறினேன். அதே பிரெஞ்சுதானே! 'ஜிம்னாஸ்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, ராக்கெட்டும் ஷூவுமாக உள்ளே போய் பேட்மிண்டன் ஆட இடம் கேட்டேன். மேசையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாணவரின் பெற்றோரா?" என்றார். லோசான் இருக்கிற வோ மாநிலத்தில் அது மேல்நிலைப் பள்ளியாம். லோசான் ஏரிக்கரை ஊர்; எதிர்க்கரையில் எவியான் என்ற ஊர், அது பிரான்ஸ். படகில் முக்கால் மணிகூட ஆகாது, அதற்குள் சொல் மாறிவிடுகிறது. ஜெனீவாவில் இதே பள்ளிக்கு 'கொலேஜ்' என்று வேறு பெயர், அதை விடுங்கள்.

—

போலந்தில் 1999-ல் இந்தப் பெயரில் மூன்று வருடப் பள்ளி கொண்டுவந்தார்கள், 2019-ல் கடைசி வகுப்பும் முடிந்தது. என்னோடு வேலை பார்ப்பவர், "நான் படித்த பள்ளி வகையே இப்போது இல்லை" என்பார்.

—

ஏதென்ஸ் போனபோது இதன் வேரைப் பார்த்தேன். 'கும்னோஸ்' என்றால் நிர்வாணம். பழங்கிரேக்க இளைஞர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு, ஆடையில்லாமல் மல்யுத்தம் பழகிய இடம் கும்னாசியோன். ஆட்கள் கூடுகிற இடம் என்பதால் ஆசிரியர்களும் அங்கேயே பேச வந்தார்கள். பிளேட்டோவின் அகாடமி, அரிஸ்டாட்டிலின் லைசியம் இரண்டும் அப்படிப்பட்ட கூடங்களில் தொடங்கியவைதான். லைசியத்தின் மல்யுத்தக் களம் 1996-ல் நகர நடுவில் தோண்டியபோது கிடைத்தது. இன்று முழங்கால் உயரச் சுவர்கள்தான், சுற்றிலும் லாவெண்டர் செடி.

ஆக, எந்த நாட்டுக்காரர் சொல்வதும் தப்பில்லை. இன்றைய கிரேக்கத்தில் யிம்னாசியோ பள்ளிக்கூடம், யிம்னாஸ்டீரியோ நம் ஜிம். டாக்சிக்காரரிடம் பார்த்துச் சொல்லுங்கள்.

—

முதலில் எழுதியவன்தான். அந்த அம்மாளிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. பையன் இப்போது எட்டாவது, லத்தீன் வேறு எடுத்திருக்கிறான். படியில் பார்க்கும்போதெல்லாம் முதுகைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறான்.