மறு: அன்நேச்சுரல் லிங்க் – ‘கள்ளச்சுட்டி’ சரிவருமா?

வணக்கம். தேடலில் மேலே வருவதற்காக, கேட்டோ காசு கொடுத்தோ பிற தளங்களில் போடவைக்கும் சுட்டியைத்தான் (இணைப்பு) ‘அன்நேச்சுரல் லிங்க்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த யோசனைக்கு என் பதில் இது.

> “இயற்கைக்கு மாறான இணைப்பு” என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம். ஆனால் படித்ததும் எனக்குக் காவல் நிலையமும் ‘இயற்கைக்கு மாறான மரணம்’ என்ற நாளிதழ்ச் செய்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. தவிர, எந்தச் சுட்டியும் மரத்தில் காய்ப்பதில்லை. எல்லாமே யாரோ போட்டதுதான். தானாக மனம் வந்து போட்டாரா, கேட்டதற்கோ காசுக்கோ போட்டாரா என்பதே இங்கே விஷயம்.

‘போலி இணைப்பு’ம் ஒட்டவில்லை. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்திய, ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடையின் விவகாரத்தைப் பாருங்கள். அணுப்பொறியியல் பேசும் தளத்தில் ‘பிளாக் டிரெஸ்ஸஸ்’ என்று ஒரு சுட்டி. சொடுக்கினால் நிஜக் கடை, நிஜத் துணி. பரிந்துரைதான் பொய். கூகுள் கைவைத்ததும், ‘லிவிங் ரூம் ஃபர்னிச்சர்’ தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டே மணி நேரத்தில் 68ஆம் இடத்தில் கிடந்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்றது பென்னி; தேடல் ஆலோசனை நிறுவனத்துக்கு வேலை போயிற்று.

தளங்களை வரிசைப்படுத்தக் கூகுள் போடும் கணக்கான பேஜ்ரேங்க் ஒவ்வொரு சுட்டியையும் ஓட்டாகத்தான் எண்ணுகிறது. அப்படியானால் இது கள்ள ஓட்டு. நம்மிடம் கள்ளநோட்டு, கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம் எல்லாம் இருக்கும்போது ‘கள்ளச்சுட்டி’ ஏன் கூடாது? (‘தொடுப்பு’ என்று எழுதும் நண்பர்கள் மன்னிக்கவும். ‘கள்ளத்தொடுப்பு’ என்று போட்டால் கட்டுரையை வேறு ஆட்கள் தேடி வருவார்கள்.)

பிடிபடும் விதமும் கள்ள ஓட்டு போலத்தான். மனம் வந்து சுட்டுபவர்களில் ஒருவர் கடைப்பெயரை எழுதுவார், ஒருவர் ‘இங்கே பாருங்கள்’ என்பார், இன்னொருவர் முகவரியை அப்படியே ஒட்டிவிட்டுப் போவார். நூறு தளங்களிலும் ‘மலிவு விலை சோபா’ என்று எழுத்துப் பிசகாமல் இருந்தால், ஒரே ஆள் நூறு வாக்குச்சீட்டில் குத்தியது தெரிந்துவிடும். சம்பந்தமில்லாத தளங்கள், தங்களுக்குள்ளேயே மாறிமாறிச் சுட்டிக்கொள்ளும் கூட்டம் எல்லாம் அடுத்த தடயங்கள். அந்தக் கூட்டத்துக்குச் ‘சுட்டிப் பண்ணை’ (லிங்க் ஃபார்ம்) போதும், அதில் சண்டை வேண்டாம்.

எனக்கு உறுத்துவது, கள்ளச்சுட்டியால் தளம் தேடலில் சரிவதைச் சொல்லும் ‘பெனால்டி’. எல்லாவற்றுக்கும் ‘தண்டனை’ என்று எழுதுகிறோம், அது தப்பு. கூகுள் ஊழியர் பார்த்து எடுக்கும் நடவடிக்கைக்குத் ‘தண்டனை’ சரி; தளத்துக்காரருக்கு அறிவிப்பு வரும், திருத்திவிட்டு மேல்முறையீடு செய்யலாம். 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற கூகுள் நிரல், ஆள் தலையீடு இல்லாமலே தளத்தைக் கீழே தள்ளியது; அதற்குத் ‘தரமிறக்கம்’. 2016 செப்டம்பரில் பெங்குவின் போக்கை மாற்றிக்கொண்டது: பெரும்பாலும் தளத்தை விட்டுவிட்டு அந்தச் சுட்டிகளை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது செல்லாத ஓட்டு. ஆகவே ‘செல்லாததாக்கல்’. மூன்றுக்கும் மூன்று சொல் இருந்தால்தான், இடம் சரிந்த கடைக்காரர் தனக்கு என்ன நடந்தது என்று கேட்கவாவது முடியும்.

மிச்சம் இருப்பது ‘டிஸ்அவோ’. இந்தச் சுட்டிகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று தளத்துக்காரரே கூகுளுக்குப் பட்டியல் கொடுப்பது. ‘கைகழுவல்’ என்று எழுதிப் பார்த்தேன், பிடித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவரே கழுவுகிறார் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. வேறு சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.