காக்காவுக்கு சோறு வெச்ச கையும் அம்மாவோட யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டும்: உங்களுக்கு இப்படி ஏதாவது அனுபவம் இருக்கா?

மொட்டைமாடி (வடசென்னை):

எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல, நடந்தத நடந்தபடி போட்டுடறேன். எங்க அம்மாக்கு 68 வயசு. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து மொத கரண்டி சோறு காக்காவுக்குத்தான், அமாவாசைன்னா வடையோட. மாடி கைப்பிடிச் சுவத்துல வெச்சுட்டு கா கான்னு கூப்பிட்டா பத்து பன்னண்டு வந்து எறங்கும், தின்னுட்டு நேரா தண்ணி டேங்க் மேல ஏறி உக்காந்து அலக இப்படியும் அப்படியும் தேச்சுட்டு, போறப்ப ஒரு எச்சமும் போட்டுட்டு போகும். டேங்க் மூடி புயல்ல பறந்து போனதுக்கப்பறம் ஒரு தகரத்த வெச்சு மேல ரெண்டு செங்கல் வெச்சிருந்தோம், ஒரு பக்கம் நாலு விரல் சந்து தெரியும், நாளைக்குப் பாத்துக்கலாம்னே ஓடிடுச்சு.

போன மாசம் அம்மாக்கு குளிர்ஜுரம், ஒன்னுக்குப் போனா எரிச்சல். மெடிக்கல் ஷாப்ல சொல்லி மாத்திரை வாங்கிக் குடுத்தேன் (திட்டாதீங்க, தப்புதான்), ரெண்டு நாள் கேட்ட மாதிரி இருந்துச்சு, அப்பறம் இடுப்பு வலியோட திரும்ப வந்துடுச்சு. டாக்டர் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னாரு, அதாவது லேப்ல கிருமிய வளத்து எந்த மருந்து கேக்கும்னு பாக்கறது. ரிப்போர்ட்ல ஈ.கோலைன்னு ஒரு பாக்டீரியா, எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல, கீழ வரிசையா மருந்து பேரு, பக்கத்துல ஆர், ஆர், ஆர். ஆம்பிசிலின் ஆர், சிப்ரோ ஆர், செஃப்ட்ரியாக்ஸோன் ஆர். ஆர்னா கேக்காதாம். அடியில ஈ.எஸ்.பி.எல் பாசிட்டிவ்னு, அதாவது நெறைய ஆன்டிபயாடிக்க ஒடச்சுப் போடற என்சைம் அந்தக் கிருமிகிட்ட இருக்காம். ஏழு நாள் தெனம் ஒரு எர்டாபெனம் ஊசி.

எங்க அண்ணன் எங்கயோ படிச்சுட்டு வந்து, பறவைங்க சூப்பர்பக்க, அதான் மருந்துக்கு அடங்காத கிருமிய, தூக்கிட்டு திரியுது, எல்லாம் அந்த காக்கா எச்சத்தாலதான்னு ஒரே சண்டை. காக்காவுக்கு சோறு கட். ஊசிக்கு அழாத எங்கம்மா இதுக்கு அழுதாங்க. இதுல எவ்வளவு நெசம்? தெரிஞ்சவங்க, பட்டவங்க சொல்லுங்க.

லேப் அக்கா (வேலூர் பக்கம்):

தம்பி, பத்தொன்பது வருஷமா மைக்ரோபயாலஜி லேப்ல நிக்கறேன், மொதல்ல அம்மாவ சமாதானப்படுத்துங்க. அந்த ரிப்போர்ட்ட வெச்சு காக்காதான்னு யாராலயும் சொல்ல முடியாது. யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு வர்ற ஈ.கோலை பெரும்பாலும் அவங்கவங்க குடல்ல இருந்தே வர்றது. நெதர்லாந்துல வெளிநாடு போற 2,001 பேர போறதுக்கு முன்னாடியும் திரும்பி வந்தப்பறமும் மலம் டெஸ்ட் பண்ணாங்க, 2017ல வந்த ஆய்வு. தெற்காசியா பக்கம் வந்துட்டுப் போனவங்கள்ல நாலுல மூணு பேர் இந்த ஈ.எஸ்.பி.எல் கிருமிய வயித்துல வெச்சுக்கிட்டு ஊர் போய் சேந்திருக்காங்க. சும்மா வந்துட்டுப் போறவங்களுக்கே இந்த கதின்னா இங்கயே பொறந்து வளந்த நம்ம வயித்துல என்ன இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

ஆனா உங்க அண்ணன் படிச்சது பொய்யில்ல. நான் முன்னாடி வேல பாத்த ஒரு ஆஸ்பத்திரில லேப் ஜன்னலுக்கு நேர் கீழதான் கழிவு வெக்கற ஷெட். மஞ்ச கவர்ல ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் போகும், ரூல்படி 48 மணி நேரத்துக்கு மேல வெக்கக் கூடாது, ஷெட்ட பூட்டணும். அங்க கதவே கெடையாது. காக்கா கவர கிழிச்சு கட்டுத்துணிய ஒரு கால்ல மிதிச்சுக்கிட்டு நாரு நாரா இழுக்கும், அப்பறம் எங்க ஜன்னல் திட்டுல வந்து உக்காரும்.

ஒரு நாள் ட்ரெயினிங் வந்த பொண்ணு ஒருத்தி, அக்கா இத போட்டுப் பாக்கலாமான்னு கேட்டா. ஈரம் காயாத எச்சம் ஒன்ன ஸ்வாப்ல தொட்டு கிருமி வளக்கற மக்கான்கி ப்ளேட்ல இழுத்தோம். மறுநாள் பாத்தா ரோஸ் கலர்ல காலனி காலனியா நிக்குது. அதுல ஒன்ன எடுத்து இன்னொரு ப்ளேட் முழுக்க தடவி மருந்து டிஸ்க் வெச்சோம். மருந்து கேட்டா டிஸ்க்க சுத்தி வட்டமா வெறுமையா இருக்கும், கிருமி கிட்ட வராது. செஃப்டாசிடிம் டிஸ்க்க சுத்தி கிருமி ஒட்டிக்கிட்டே வளந்திருந்துச்சு. பக்கத்துலயே அதே மருந்தோட, ஈ.எஸ்.பி.எல்ல அடக்கற கிளாவுலானிக் ஆசிட் கலந்த டிஸ்க், அத சுத்தி மட்டும் நல்லா பளிச்சுன்னு வட்டம். ரெண்டுக்கும் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே ஈ.எஸ்.பி.எல்தான், எங்களுக்கு 11 இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஸ்கேல கீழ வெக்கவே இல்ல. ஒரே ஒரு எச்சம், அத ஆய்வுன்னு சொல்லக் கூடாது, ப்ளேட்ட ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமிய கொல்ற மெஷின்) போட்டுட்டோம். ஆனா அன்னைல இருந்து அந்த ஜன்னல் பக்கம் டிபன் பாக்ஸ் வெக்கறத நிறுத்திட்டேன்.

முறையா பண்ணவங்களும் இருக்காங்க, பங்களாதேஷ்ல ராஜ்ஷாஹில. ஆஸ்பத்திரி கழிவ கொத்தித் தின்ற காக்காங்க, நம்ம ஊர்ல இருக்க அதே வீட்டுக் காக்காதான், அதுங்க எச்சத்துல எஸ்.டி 131ன்னு ஒரு வகை ஈ.கோலை கெடச்சுது. உலகம் பூரா நோயாளிங்க கிட்ட நெறைய கெடைக்கறதும் அந்த வகைதான். காக்கா எந்த மெடிக்கல் ஷாப்லயும் போய் மாத்திரை வாங்கல பாருங்க.

சும்மா ஒருத்தன்:

அப்ப ஆபீஸ்ல காக்கா புடிக்கிறவங்களுக்கும் இது தொத்துமா 😀

கடல்காகம் (வொலொங்கொங், ஒஸ்ரேலியா):

இஞ்ச எங்களுக்கு காகத்த விட கடல்காகம்தான் கரைச்சல். சில்வர் கல் எண்டு சொல்லுவினம், வெள்ளை உடம்பு, சிவத்தச் சொண்டு. பீச்சில பிள்ளையளோட சிப்ஸ் வாங்கிக்கொண்டு இருந்தா கையில இருந்தே பறிச்சுக்கொண்டு போயிடும். என்ர சின்ன மகள் விழுந்த சிப்ஸ தட்டிப்போட்டு திரும்ப வாயில வைக்கிறவ, நானும் கண்டுகொள்ளாமத்தான் இருந்தனான்.

2019ல மர்டோக் பல்கலைக்கழக ஆக்கள் ஒஸ்ரேலியா முழுக்க இந்தப் பறவையளின்ர எச்சத்த எடுத்துப் பாத்தவை, அஞ்சில ஒண்டுக்கு மேல மருந்துக்கு அடங்காத ஈ.கோலை. எங்கட ஊருக்கு முன்னால கடலுக்க அஞ்சு தீவு இருக்கு, ஆயிரக்கணக்கில அங்கதான் கூடு கட்டும். அங்கத்தய பறவையளில கார்பாபெனம் மருந்துக்கே அடங்காத கிருமி இருக்கெண்டு அதுக்கு முதலே கண்டுபிடிச்சிட்டினம், அதாவது தம்பின்ர அம்மாவுக்கு போட்ட ஊசி வகைதான் அது. குப்பை கொட்டுற இடமும் கழிவுத்தண்ணியும்தான் காரணமாம். இதில எனக்கு விளங்காத ஒண்டு, இஞ்ச கோழி, மாடு வளர்க்கிற ஆக்கள் மருந்து விசயத்தில சரியான கட்டுப்பாடு, இறக்குமதிக்கும் ஆயிரம் சட்டம், கடைசியில பாத்தா வானத்தால போறதுக்கு ஆர் பாஸ்போட் கேக்கிறது. இப்ப மகளுக்கு ஒரே ஒரு சட்டம், கீழ விழுந்தா அது பறவைக்கு, திங்க முதல் கை கழுவவேணும். நூறு வீதம் நடக்குதெண்டு சொல்லமாட்டன்.

பைனாகுலர் (பள்ளிக்கரணை):

சனி ஞாயிறு ஆனா சதுப்பு நிலத்துலதான் கெடப்பேன். ஒரு பக்கம் ராம்சர் தளம்னு (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்) 2022ல கெடச்ச பேரு, ஒட்டினாப்புல பெருங்குடி குப்பைமேடு. ஸ்கோப்ப கொஞ்சம் திருப்பினா போதும், குப்ப மேல வட்டம் போட்ட கள்ளப்பருந்து அஞ்சு நிமிஷத்துல தண்ணி ஓரம் வந்து எறங்கும். அதே இனப் பருந்து ஒன்னுகிட்ட ஜெர்மனில கார்பாபெனம் மருந்தையே ஒடைக்க வெக்கற என்.டி.எம்-1 ஜீன் இருக்க சால்மொனெல்லா பாக்டீரியா கெடச்சுதுன்னு 2013ல பேப்பர் வந்துச்சு. என்.டி.எம்ல என்.டின்னா நியூ டெல்லி. 2010ல அந்தப் பேர ஊரெல்லாம் பேச வெச்ச கட்டுரைல மொத பேரு சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியோடது, ஊர் பேர வெச்சதுக்கு அப்ப டெல்லில எவ்வளவு கோவப்பட்டாங்கன்னு ஞாபகம் இருக்கவங்களுக்கு தெரியும்.

இன்னொன்னு. 2005ல ஸ்வீடன் ஆளுங்க கப்பல்ல ஆர்க்டிக் போய் சைபீரியா, அலாஸ்கா, கிரீன்லாந்துல 97 பறவைங்ககிட்ட சாம்பிள் எடுத்தாங்க, அதுல கெடச்ச ஈ.கோலைல எட்டு மட்டும் மருந்துக்கு எதுத்து நின்னுச்சு. மனுஷ நடமாட்டமே ரொம்ப கம்மியான எடம். நம்ம கோடியக்கரைக்கு வர்ற உள்ளான்ல எத்தனையோ சைபீரியா பக்கம் முட்ட போடறதுதான், வர்றப்ப என்ன கொண்டு வருதோ, போறப்ப நம்மகிட்ட இருந்து என்ன கொண்டு போகுதோ. நான் இறகு பொறுக்கற ஆளு, இப்ப கைல சானிடைசர் இல்லாம தொடறதில்ல.

லேயர் பண்ணை (நாமக்கல்):

எல்லாரும் பறவையவே பேசறீங்க, நாங்க பண்ணினதையும் சொல்லோணுமுங்க. கோழி கொஞ்சம் சோந்தாப்புல நின்னா போதும், மருந்துக்காரரு சொல்றத தண்ணில கலக்கி உட்டுருவோம். கோலிஸ்டின்னு ஒன்னு, நாங்க அத சத்துமருந்து கணக்காத்தான் நெனச்சுட்டு இருந்தமுங்க. மச்சான் ஒருத்தரு ஐசியுல கெடந்தப்ப டாக்டரு, இனி ஒரே மருந்துதான் பாக்கின்னு எழுதிக் குடுத்த சீட்டுல அதே பேரு. கை நடுங்கிப்போச்சு. 2019 சூலைல கவருமெண்டு கோழி, மாடு, மீனுக்கு அத குடுக்கப்படாதுன்னு தட பண்ணிருச்சு, நல்ல காரியம். ஆனா பண்ண எருவ காட்டுல எறைக்கறப்ப பாருங்க, உண்ணிக்கொக்கு நூறு எரநூறு வந்து எருவுக்குள்ள கிளறிக் கிளறி புழு பொறுக்கும். பொழுது சாஞ்சா ஏரிக்குப் போயிரும், அந்த ஏரித் தண்ணிதான் ஊருக்கே.

மொட்டைமாடி (வடசென்னை):

எல்லாருக்கும் தேங்க்ஸ். லேப் அக்கா எழுதினத அண்ணனுக்கு சத்தமா படிச்சுக் காட்டுனேன், நாலுல மூணுங்கற எடத்துல அமைதி ஆயிட்டான். அம்மாக்கு ஊசி முடிஞ்சு ஜுரம் இல்ல. ஞாயித்துக்கெழம டேங்க்க காலி பண்ணி ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சோம், அடியில அரை இஞ்ச் சேறு, ரெண்டு எறகு, ஒரு கோழி எலும்பு. நாங்க வீட்டுல கோழி சமைக்கறதே இல்ல. எங்கிருந்து தூக்கிட்டு வந்துச்சோ, எங்க வீட்டு மாடில இருந்து பாத்தா தூரத்துல கொடுங்கையூர் குப்பைமேடு தெரியும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

புது மூடி, போல்ட் போட்டது. சோறு இனிமே எதிர் மூலைல, டேங்க்குக்கு ரொம்ப தள்ளி, தனி தட்டுல. எச்சத்த காஞ்சப்பறம் பெருக்காம தண்ணி ஊத்தி ஊற வெச்சு கழுவறேன், அக்கா அது சரிதான? அம்மா நேத்து கூப்பிட்டாங்க, மூணுதான் வந்துச்சு. மிச்சம் எங்கன்னு கேட்டுட்டு வெயில்லயே நின்னாங்க, நான்தான் கை கழுவ சோப்போட பின்னாடி நின்னேன்.